'டிசைரபிள்' என்று போட்டிருந்தால் அது இருந்தே ஆகவேண்டுமா?

வடசேரி_வாசகன்

அக்கா மகள் எம்எஸ்சி வேதியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் ப்ராஜெக்ட் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. அதில் 'எசென்ஷியல்' என்று தலைப்புப் போட்டு எம்எஸ்சி முதல் வகுப்பு என்று இருக்கிறது, அது அவளிடம் உண்டு. அதற்குக் கீழே 'டிசைரபிள்' என்று போட்டு இரண்டு வரி. ஒன்று, ஆய்வகக் கருவிகளைக் கையாண்ட அனுபவம். இன்னொன்று, மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல். கருவி அனுபவம் படிப்பின்போது செய்த ப்ராஜெக்டில் கொஞ்சம் உண்டு. மலையாளம் பேசுவாள், குலசேகரத்தில் வளர்ந்தவள் பேசாமல் இருப்பாளா, ஆனால் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

"இது இல்லாமல் போட்டால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள் மாமா" என்று உட்கார்ந்திருக்கிறாள். அகராதியைப் புரட்டினால் 'விரும்பத்தக்க' என்று இருக்கிறது. யார் விரும்பத்தக்க? அவள் விரும்பினால் போதுமா, அவர்கள் விரும்பவேண்டுமா? விளம்பரம் எழுதுகிறவர்கள் வேண்டும், வேண்டாம் என்று இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல்_காற்று

போடச் சொல்லுங்க அண்ணாச்சி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எசென்ஷியல் சோறு, டிசைரபிள் பப்படம். சோறு இல்லாமல் பந்தி கிடையாது, பப்படம் வரவில்லை என்று யாரும் இலையை மூடமாட்டார்கள்.

தக்கலை_டீச்சர்

பப்படம் வரவில்லை என்று இலையை மூடிய சம்பந்தியை நான் பார்த்திருக்கிறேன் தம்பி, அதனால் அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள்.

வாசகன் சார், உங்கள் கேள்வி சரியான கேள்வி. 'யார் விரும்பத்தக்க' என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. நான் ஆங்கிலம் நடத்திய காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: 'ஏபிள்' என்று முடிகிற சொற்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. 'வாஷபிள்' என்றால் துவைக்க முடியும், அவ்வளவுதான். 'அட்மைரபிள்' என்றால் வியக்க முடியும் என்று பொருள் இல்லை, வியக்கத் தகும். ஃபீஸ் ரசீதில் 'பேயபிள்' என்று போட்டிருக்கிறதே, அது கட்ட முடியும் என்பதோ கட்டத் தகும் என்பதோ இல்லை, கட்டியே ஆகவேண்டும். முடியும், தகும், வேண்டும் என்று மூன்று படி. 'டிசைரபிள்' நடுப்படியில் நிற்கிறது. இருந்தால் நல்லது, இருக்கவேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுகிறோம், ஆனால் கட்டாயம் என்று சொல்லவில்லை. நாங்கள் என்பது விளம்பரம் கொடுத்தவர். அவளுடைய விருப்பம் இதில் வராது.

போடச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_சந்தை

டீச்சர், இதே சொல்லை வைத்து ஒரு சந்தேகம். எங்கள் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடியில் 'டிசைரபிள் கேண்டிடேட்ஸ் மே கான்டாக்ட்' என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். சேல்ஸுக்கு ஆள் வேண்டுமாம். இது சரியா? எனக்கு வாசிக்கும்போது என்னவோ போல இருந்தது.

தக்கலை_டீச்சர்

என்னவோ போல இருந்தது என்றால் உங்கள் காது சரியாக இருக்கிறது! அவர் எழுத நினைத்தது 'வேலையில் விருப்பம் உள்ளவர்கள்' என்று. அதற்கு 'டிசைரஸ்' என்று வேறொரு சொல் உண்டு, ஆசைப்படுகிறவர் என்று பொருள். 'டிசைரபிள்' என்பது ஆசைப்படப்படுகிறவர். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உள்ள தூரம் இது. ஆளைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்னால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் கவர்ச்சி என்கிற அர்த்தம்தான் முதலில் வரும். பத்திரிகைகள் வருஷா வருஷம் நடிகர் நடிகைகளை வரிசைப்படுத்தி 'மோஸ்ட் டிசைரபிள்' என்று பட்டியல் போடுவது அந்த அர்த்தத்தில்தான். ஜவுளிக்கடைக்காரர் கூப்பிடுவது அப்படிப்பட்டவர்களை என்றால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கவேண்டியிருக்கும்.

'இன்ட்ரஸ்டட்' என்று எழுதினால் போதும். 'டிசைரஸ்' கூட இப்போது பழைய வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கிற சொல்தான், கோர்ட்டு ரோட்டுக்காரர் கோபித்துக்கொள்ளக்கூடாது.

கோர்ட்டு_ரோடு

கோபம் இல்லை டீச்சர், எங்கள் சீனியர் இன்றைக்கும் 'மை கிளையன்ட் இஸ் டிசைரஸ் ஆஃப்' என்றுதான் டிக்டேஷன் தொடங்குவார்.

விஷயத்துக்கு வருகிறேன். குளச்சல் தம்பி சொன்ன பப்படக் கணக்கை நம்பிப் பலபேர் ஏமாந்திருக்கிறார்கள். டிசைரபிள் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யமுடியாது என்பது சரி. ஆனால் நேர்முகத்துக்குக் கூப்பிடாமல் விடமுடியும். இரண்டும் வேறு வேறு.

மத்திய தேர்வாணையமான யுபிஎஸ்சியின் நேரடித் தேர்வு விளம்பரங்களைப் பாருங்கள். ஈக்யூ, டிக்யூ என்று சுருக்கிப் போடுவார்கள், முதலாவது எசென்ஷியல், இரண்டாவது டிசைரபிள். விண்ணப்பம் மலைபோலக் குவிந்தால் எப்படிச் சுருக்குவோம் என்றும் விளம்பரங்களில் எழுதுவார்கள். டிக்யூ இருப்பவர்களை மட்டும் எடுப்பது, குறைந்தபட்சத்தைவிடக் கூடுதல் படிப்பு இருப்பவர்களை எடுப்பது, கூடுதல் அனுபவம் பார்ப்பது, எழுத்துத்தேர்வு வைப்பது என்று வழிகள் வரும். அதாவது ஒரு பதவிக்குப் பத்துப் பேர் போட்டால் டிசைரபிளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆயிரம் பேர் போட்டால் அதுவே சல்லடை. விளம்பரத்தில் உள்ள சொல் மாறுவதில்லை, கூட்டம்தான் அதன் எடையை மாற்றுகிறது.

'அது நியாயமா, சொல்லாமல் தகுதியை உயர்த்தலாமா' என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத் தேர்வாணையம் தொழிலாளர் நீதிமன்றத் தலைமைப் பதவிகளுக்கு 5 ஆண்டு வக்கீல் அனுபவம் கேட்டிருந்தது. விண்ணப்பம் அதிகமானதும் ஏழரை ஆண்டு உள்ளவர்களை மட்டும் நேர்முகத்துக்கு அழைத்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. தகுதி வரம்பை மாற்றவில்லை, அழைப்பதற்கான ஆட்களை நியாயமான முறையில் குறைத்திருக்கிறார்கள் என்று.

குளச்சல்_காற்று

அப்படியானால் டிசைரபிள் என்பது ஒளித்து வைத்த எசென்ஷியல். நேரடியாகச் சொல்ல தைரியம் இல்லாமல் வெல்லம் தடவிச் சொல்கிறார்கள்.

நான் கல்ஃபில் பத்துப் பதினைந்து கம்பெனி விளம்பரம் பார்த்தவன், அங்கே இதுவே வேறு கதை. 'ஜிசிசி (வளைகுடா நாடுகள்) அனுபவம் டிசைரபிள், டிரைவிங் லைசென்ஸ் டிசைரபிள்' என்று போட்டிருப்பான். அனுபவம் இல்லாதவனை எடுப்பான், சம்பளத்தில் குறைப்பான். லைசென்ஸ் இல்லாதவனை எடுக்கவே மாட்டான். ஒரே வரியில் ஒரே சொல், ஒன்று சம்பளம் பேசுவதற்கு, இன்னொன்று கதவைச் சாத்துவதற்கு. தனியார் கம்பெனியில் கேட்பதற்கு நாதி கிடையாது.

கோர்ட்டு_ரோடு

ஒளித்து வைத்த எசென்ஷியல் என்பது கொஞ்சம் மிகை. மறுபக்கமும் இருக்கிறது தம்பி. டிசைரபிள் மட்டும் இருந்து எசென்ஷியல் இல்லாதவர்கள், 'என்னிடம் அதைவிடப் பெரிது இருக்கிறதே' என்று வழக்குப் போடுவது உண்டு. மகாராஷ்டிரத் தேர்வாணையம் மருந்துத் துறைப் பதவிகளுக்கு ஆள் எடுத்த வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எது அவசியம் என்று முடிவு செய்வது வேலை கொடுப்பவர். டிசைரபிளையும் முன்னுரிமையையும் வைப்பது அவர் உரிமை. டிசைரபிளை எசென்ஷியலுக்குச் சமம் என்று நீதிமன்றம் விளம்பரத்தைத் திருத்தி எழுதாது. சாராம்சம் இதுதான்.

இன்னொன்று, 'ப்ரிஃபரன்ஸ்' என்று வந்தால் அது அப்படியே முன்னால் தூக்கி உட்காரவைக்கும் என்று நினைக்கிறார்கள். ஆந்திரத் தேர்வாணைய வழக்கில் 2003-இல் சொன்னது என்னவென்றால், மற்ற எல்லாவற்றிலும் இரண்டு பேர் சமமாக நின்றால்தான் முன்னுரிமைக்கு வேலை. அறுபது மார்க் வாங்கியவர் கூடுதல் பட்டம் வைத்திருப்பதால் எழுபது வாங்கியவரைத் தாண்டமுடியாது.

நம்மூரில் இதைத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவேண்டாம். அது 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 20 விழுக்காடு இடங்களையே ஒதுக்குவது. பெயரில்தான் முன்னுரிமை, வேலை செய்வது ஒதுக்கீடு போல.

அஞ்சுகிராமம்_பஸ்

இவ்வளவு சட்டம் பேசுகிறீர்கள், நடப்பைப் பேசுங்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு ஆள் தற்காலிகமாக வேலை செய்துகொண்டிருப்பார். அவர் எந்தக் கருவியை ஓட்டுகிறாரோ அந்தக் கருவியின் பெயரை அப்படியே டிசைரபிளில் போட்டுவிடுவார்கள். ஊரில் வேறு யாருக்கும் அந்த அனுபவம் இருக்காது. விரும்பத்தக்க தகுதி இல்லை அது, விரும்பிய ஆள்.

கோர்ட்டு_ரோடு

நடக்கவே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு போடாமல் இருந்தால் அந்த ஆளுக்கு வேலை இன்னும் சுலபம். போட்டுப் பார்த்து, கூப்பிடவில்லை என்றால், மத்திய அரசு நிறுவனமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்த அளவுகோலில் சுருக்கினீர்கள், அதை முடிவு செய்த கோப்புக் குறிப்பின் நகல் கொடுங்கள் என்று. 30 நாளில் பதில் வரவேண்டும். 'ஏன் கூப்பிடவில்லை' என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் எழுத அவர்களுக்குக் கடமை இல்லை, இருக்கிற காகிதத்தைத்தான் கேட்கமுடியும்.

மயிலாடி_கல்

வேலை விஷயம் வக்கீல் சார் சொல்லிவிட்டார். நான் சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று. சர்ச்சில் சின்ன வயதிலிருந்து கேட்ட இரண்டு வசனம் இந்த இழையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் ஏவாள் அந்த மரத்தைப் பார்க்கிறாள், 'இச்சிக்கப்படத்தக்க விருட்சம்' என்று இருக்கும். சங்கீதம் பத்தொன்பதில் கர்த்தருடைய நியாயங்களைச் சொல்லும்போது, பசும்பொன்னைவிட 'விரும்பப்படத்தக்கது' என்று இருக்கும். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் வேர் ஒன்றுதான் என்று எங்கள் பாஸ்டர் பைபிள் ஸ்டடியில் சொன்னார். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் பழத்துக்கு இச்சை, வேதத்துக்கு விருப்பம் என்று பிரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இப்படிப் பிரிக்காமல் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டலாம்.

அதாவது டிசைரபிள் நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல்லே முடிவு செய்யாது. தமிழில் எழுதும்போது நாம்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

பார்வதிபுரம்_சிக்னல்

மயிலாடி அண்ணன் சொன்ன இடத்தில்தான் தத்துவத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. நான் எம்ஏவில் படித்தது, இன்றைக்காவது பயன்படட்டும்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் பயன்பாட்டுவாதம் பற்றி எழுதியபோது ஒரு வாதம் வைத்தார். ஒரு பொருள் 'விசிபிள்' என்பதற்கு என்ன ஆதாரம்? மக்கள் அதைப் பார்க்கிறார்கள். ஒரு சத்தம் 'ஆடிபிள்' என்பதற்கு? மக்கள் கேட்கிறார்கள். அதேபோல ஒன்று 'டிசைரபிள்' என்பதற்கு, மக்கள் அதை ஆசைப்படுகிறார்கள் என்பதைத் தவிர வேறு ஆதாரம் கொடுக்கமுடியாது. எல்லாரும் இன்பத்தை ஆசைப்படுகிறார்கள், ஆகவே இன்பம் டிசைரபிள். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

1903-இல் ஜி. ஈ. மூர் வந்து இதைப் பிடித்தார். விசிபிள் என்றால் பார்க்க முடிவது. டிசைரபிள் என்றால் ஆசைப்பட முடிவது இல்லையே, ஆசைப்படத் தகுவது அல்லவா? ஜனங்கள் எதையும் ஆசைப்படுவார்கள், கெட்டதையும் ஆசைப்படுவார்கள், அதனால் அது ஆசைப்படத் தகுந்ததாகிவிடுமா என்று கேட்டார். டீச்சர் சொன்ன முடியும், தகும் என்கிற இரண்டு படிக்கு நடுவில் மில் வழுக்கிவிட்டார் என்பதுதான் மூரின் குற்றச்சாட்டு. மில் அவ்வளவு முட்டாள் இல்லை, அவர் 'ஆதாரம்' என்றுதான் சொன்னார், 'பொருள்' என்று சொல்லவில்லை என்று அவருக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கட்சிதான் சரி என்று படுகிறது, ஆனால் அதைத் தொடங்கினால் வாசகன் சாரின் மருமகள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டையைத் தமிழில் எழுதினால் சண்டையே வராது. 'விரும்பத்தக்க' என்பதில் 'தக்க' வெளியே தெரிகிறது. மாணிக்கவாசகர் 'வேண்டத்தக்கது அறிவோய் நீ' என்றாரே, நான் எதையெதையோ வேண்டுவேன், வேண்டத்தக்கது எது என்பது உனக்குத்தான் தெரியும் என்று. வேண்டுவது வேறு, வேண்டத்தக்கது வேறு. மூர் சொன்னதும் அதேதான்.

கருங்கல்_அக்கா

தமிழில் சண்டை வராது என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தை எடுத்துப் பாருங்கள் தம்பி. 'பி.எஸ்சி. நர்சிங் விரும்பத்தக்கது.' 'அரசு வேலை விரும்பத்தக்கது.' 'நல்ல நிறம் விரும்பத்தக்கது.' அந்தப் பக்கத்தில் அத்தனை வரியும் அந்தச் சொல்லில்தான் முடியும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு இடம் பார்த்தோம், ஆசிரியை விரும்பத்தக்கது என்று போட்டிருந்தார்கள். இவள் பேங்கில் வேலை பார்க்கிறாள். விரும்பத்தக்கதுதானே, கட்டாயம் இல்லையே என்று போன் செய்தோம். "டீச்சர் தவிர வேறு பார்க்கவில்லை" என்று வைத்துவிட்டார்கள். 'தக்க' எங்கே தெரிந்தது அதில்?

'வேண்டும்' என்று போட்டால் கேட்கிறவர்கள் பேராசைக்காரர்கள் மாதிரித் தெரியும். 'விரும்பத்தக்கது' என்று போட்டால் மரியாதையாக இருக்கும், யார் விரும்புகிறார்கள் என்றும் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா விரும்புகிறாரா, மாப்பிள்ளை விரும்புகிறாரா, போனில் அப்பா பேசுவார்.

மார்த்தாண்டம்_சந்தை

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ப்ளாட் விற்கிறவர்களும் இதே கூத்துத்தான். 'மோஸ்ட் டிசைரபிள் லொக்கேஷன்' என்று போர்டு வைத்திருப்பார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் நாலு சென்ட், மூன்று பக்கமும் ரப்பர், ஒரு பக்கம் கால்வாய், வண்டி திரும்ப இடம் கிடையாது. யார் விரும்பிய இடம்? புரோக்கர் விற்க விரும்பிய இடம்!

தக்கலை_டீச்சர்

இந்தச் சொல்லின் எதிர்ப்பதத்தைக் கவனித்தீர்களா? 'விரும்பத்தகாத சம்பவங்கள் நடைபெறாமல் தடுக்க போலீஸ் பாதுகாப்பு' என்று பத்திரிகையில் வருகிறதே, அந்தச் சொல் 'அன்டிசைரபிள்' என்பதற்கு நேரானதுதான். நேர்ச்சொல்லில் கட்டாயம் இல்லை, எதிர்ச்சொல்லில் பாருங்கள், கல்லெறி, மண்டை உடைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். விரும்பத்தக்கது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விரும்பத்தகாதது இருந்தால் பரவாயில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான், ஒரு நாட்டிலிருந்து வெளிநாட்டுக்காரர் ஒருவரை 'அன்டிசைரபிள்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், 'டிசைரபிள்' என்று சொல்லி யாரையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சங்கதி. 'இட் இஸ் டிசைரபிள் தட் ஹி அட்டெண்ட்' என்றுதான் வரும், 'அட்டெண்ட்ஸ்' என்று 'ஸ்' சேர்த்து எழுதிவிட்டுப் பெரிய ஆபீஸ் சர்க்குலர்களே போகின்றன. அந்த வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லவில்லை, நடக்கவேண்டியதைச் சொல்கிறோம், அதனால் வினை அடிவடிவத்தில் நிற்கும். அப்புறம் 'மோர் டிசைரபிள்' சொல்லலாம், 'மோர் ப்ரிஃபரபிள்' சொல்லக்கூடாது. ப்ரிஃபரபிள் என்பதிலேயே ஒன்றைவிட ஒன்று என்கிற ஒப்பீடு இருக்கிறது, அதற்குப் பின்னால் 'தேன்' வராது, 'டு' வரும்.

'லீவ்ஸ் மச் டு பி டிசையர்ட்' என்று உங்கள் மகனின் ரிப்போர்ட் கார்டில் எழுதியிருந்தால் பெருமைப்பட்டு ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். நிறைய ஆசைப்படவைக்கிறான் என்று அர்த்தம் இல்லை, நிறையக் குறை இருக்கிறது என்று அர்த்தம்.

திற்பரப்பு_வெள்ளம்

நம்ம ஊர் 'கொள்ளாம்' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லையே. மேற்கே விளவங்கோடு பக்கம் சோறு கொள்ளாம், வீடு கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம். கொள்ளலாம், எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் குறுகி நிற்கிறது. ஆங்கில 'ஏபிள்' போலத்தான், ஆனால் ஆசைப்பட்டு வீங்காமல் ஒரு படி கீழே நிற்கும். டிசைரபிள் என்று போடுவதற்குப் பதில் 'மலையாளம் தெரிந்தால் கொள்ளாம்' என்று போட்டிருந்தால் அந்தப் பிள்ளை ஒரு நிமிடம்கூட யோசித்திருக்காது, அது பாட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கும்.

குளச்சல்_காற்று

அண்ணே, இதை எடுத்துக்கொண்டு போய் யுபிஎஸ்சிக்கு ஒரு மனு போடுங்கள். ஈக்யூ, கொள்ளாம்க்யூ.

பார்வதிபுரம்_சிக்னல்

ஆனால் நாகர்கோவில் கிழக்கே ஆரல்வாய்மொழி பக்கம் போனால் கொள்ளாம் என்று சொன்னால் கொள்ளமாட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள். எழுத்துத்தமிழில் 'கொள்ளாம்' எதிர்மறைதான், நாம் கொள்ளமாட்டோம் என்று. கொள்ளாம் என்று எழுதி ஒருவன் வேண்டாம் என்று புரிந்துகொண்டால் மறுபடியும் வக்கீலைத்தான் பார்க்கவேண்டும்.

வடசேரி_வாசகன்

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன், வசனம் முதல் கொள்ளாம் வரை. போடுவதென்று முடிவாகிவிட்டது. இப்போது நடைமுறைச் சந்தேகம். ஆன்லைன் படிவத்தில் டிசைரபிள் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு, இல்லை' என்று கட்டம் இருக்கிறது. மலையாளத்துக்கு 'உண்டு' போடலாமா? பேசத் தெரியுமே, பாதி தெரிந்ததுதானே என்கிறாள். என் அம்மாவுக்கு மலையாளம் நன்றாக வாசிக்கத் தெரியும், 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர். நேர்முகம் வருவதற்குள் பேத்திக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று சிலேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கோர்ட்டு_ரோடு

'இல்லை' என்று போடுங்கள். விளம்பரத்தில் எழுதப் படிக்க என்று தெளிவாக இருக்கிறது, பேசுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. டிசைரபிள் இல்லை என்றால் போவது ஒரு வாய்ப்புத்தான். இல்லாததை உண்டு என்று போட்டால், வேலை கிடைத்த பிறகு கண்டுபிடித்தாலும் வேலையே போகும், எசென்ஷியல் எல்லாம் சரியாக இருந்தாலும் போகும். குறிப்பு எழுத இடம் இருந்தால் அங்கே 'பேசத் தெரியும், படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதலாம். சிலேட்டை எடுத்த அன்றைக்கு அது உண்மையாகிவிடும்.

கருவி அனுபவத்துக்கு 'உண்டு' போடலாம், ஆனால் ப்ராஜெக்ட் வழிகாட்டியிடமிருந்து எந்தக் கருவி, எத்தனை மாதம் என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி இணைக்கவேண்டும். விளம்பரத்தில் அனுபவம் படிப்புக்குப் பிறகானதாக இருக்கவேண்டும் என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில இடத்தில் அப்படி வைப்பார்கள்.

தக்கலை_டீச்சர்

கவரிங் லெட்டரில் 'ஐ ஆம் எ டிசைரபிள் கேண்டிடேட்' என்று மட்டும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சார். 'சூட்டபிள்' போதும். அதுவும் அவர்கள் சொல்லவேண்டியது, நாம் என்ன படித்தோம், எந்தக் கருவியில் என்ன செய்தோம் என்று எழுதினால் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், சிவப்புப் பேனா இன்னும் கையில்தான் இருக்கிறது.

வடசேரி_வாசகன்

டீச்சர், முதல் வரியே 'ஐ ஆம் டிசைரஸ் ஆஃப் அப்ளையிங்' என்றுதான் இருந்தது, அவளுடைய சீனியர் கொடுத்த மாதிரிக் கடிதமாம். 'ஐ விஷ் டு அப்ளை' என்று மாற்றச் சொல்லிவிட்டேன். வழிகாட்டியிடம் கடிதம் வாங்க நாளை கல்லூரிக்குப் போகிறாள், அது கையில் வந்ததும் விண்ணப்பம் போய்விடும்.

ஈத்தாமொழி_தென்னை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், இதை ஒட்டியே எனக்கும் ஒரு கேள்வி. டிசைரபிளில் கேட்டிருக்கிற கம்ப்யூட்டர் டிப்ளமோவை நான் இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன், ரிசல்ட் அடுத்த மாதம், விண்ணப்பக் கடைசித் தேதி இந்த மாதம். உண்டு என்று போடலாமா?

கோர்ட்டு_ரோடு

கூடாது. விளம்பரத்தில் வேறு தேதி குறிப்பிட்டிருந்தால் ஒழிய, விண்ணப்பக் கடைசித் தேதியில் என்ன கையில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. பரீட்சை எழுதியாயிற்று, ரிசல்ட் வரவில்லை என்பது இல்லை என்பதில்தான் சேரும். எந்தப் பதவி என்று விளம்பர எண்ணோடு தனி இழை தொடங்குங்கள், பார்த்துச் சொல்கிறேன்.